உள்வாங்கிய பேவர் கற்கள்: வாசலை நாமே சரிசெய்யப் பயனுள்ள குறிப்புகள்

மழை விட்டதும் வாசலுக்கு வந்து பாருங்கள். மற்ற இடங்களில் தண்ணீர் வடிந்திருக்கும். ஓர் இடத்தில் மட்டும் தேங்கி நிற்கும். அங்கே கற்கள் உள்வாங்கிவிட்டன என்று அர்த்தம். அதன்மேல் கார் ஏற ஏறப் பள்ளம் ஆழமாகும், பாசி பிடிக்கும், வீட்டுப் பெரியவர்களுக்குக் கால் இடறும். ஆனாலும் இது பெரிய செலவு வைக்கும் கோளாறு அல்ல. கழற்றி மறுபடி பதிக்கலாம் என்பதுதான் பேவர் கல்லின் பெரிய வசதி. கல் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது அதற்கு அடியில் உள்ள மணலும் மண்ணும்தான். அதைத் தொடாமல் மேலே சிமென்ட் பாலை ஊற்றி மூடுவதுதான் ஊரெங்கும் நடக்கிறது. அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி இறங்குகிறது. பத்துப் பதினைந்து சதுர அடிப் பள்ளம் என்றால், வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு விடுமுறை நாளில் முறையாகச் சரிசெய்துவிடலாம்.

1. தண்ணீர் தேங்கி நிற்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பள்ளத்தின் எல்லை அதில் தெளிவாகத் தெரியும். காய்ந்த பிறகு, நேரான அலுமினிய மட்டக்கோலைக் குறுக்கே வைத்து, கோலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பரந்த பள்ளம் கால் அங்குலம்தான் இருக்கிறது என்றால் அவசரமில்லை. அரை அங்குலத்தைத் தாண்டினால் பிரித்துவிடுவது நல்லது. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கல் இரண்டும் படி போல ஏறி இறங்கி நின்றால், கால் அங்குலமானாலும் விடாதீர்கள். வயதானவர்கள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். அந்தக் கால் அங்குலமே அவர்களைக் கீழே தள்ளிவிடும்.

2. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள். பள்ளத்தின் வடிவத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் பிடிபடும். நீளவாக்கில் கோடாக இறங்கியிருந்தால், கீழே குடிநீர்க் குழாய்க்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ தோண்டிய பள்ளம் இருக்கிறது. மண்ணைத் தள்ளி மூடியவர்கள் திமிசு போடாமல் போய்விட்டார்கள். கார் சக்கரம் போகும் தடத்தில் இரண்டு கோடாக இறங்கியிருந்தால், அடியில் ஜல்லிப் படுகையின் கனம் போதவில்லை. சம்ப்பைச் சுற்றி இறங்கியிருந்தால், சம்ப் கட்டும்போது சுவருக்கு வெளியே விட்ட இடைவெளியைச் சரியாக நிரப்பவில்லை. மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயின் வாய்க்கு நேர் கீழே என்றால், தண்ணீர் வேகமாக விழுந்து மணலை அரித்துக்கொண்டு போகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரமாகத் தோண்டிய குழிகளைச் சுற்றியும் இப்படி இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். ஓரத்தில் ஒரு துளையும் பக்கத்தில் புது மண் குவியலும் இருந்தால் பெருச்சாளி வேலை. கரிசல் மண் உள்ள ஊர்களில் நிலைமை வேறு: அந்த மண் மழையில் ஊதி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே ஒரே இடத்தில் பள்ளம் விழாமல், வாசல் முழுக்க அலை அலையாக மேடுபள்ளம் ஆகியிருக்கும்.

3. மழையே இல்லாத நாளிலும் பள்ளத்தின் இடுக்குகளில் ஈரம் கசிந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். இரவு படுக்கப் போகும்முன் சம்ப்புக்குள் வரும் குழாயை மூடி, மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் மட்டத்தைச் சுவரில் கரிக்கட்டியால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சம்ப் கசிகிறது. மேல்தொட்டிக்கும் இதே சோதனை: வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிய பிறகும் மட்டம் குறைந்தால், இறங்கி வரும் குழாயில் எங்கோ ஒழுகல். முதலில் பிளம்பர், அப்புறம்தான் கல் வேலை.

4. இரண்டு இடங்களில் நீங்களாகக் கை வைக்கவே கூடாது. ஒன்று, செப்டிக் டேங்க்கின் மூடிக்கு மேலும் அதை ஒட்டியும் விழுந்த பள்ளம். மூடிப் பலகை அரித்துப்போயிருந்தால் மேலே நிற்பவர் உள்ளே விழ நேரும். உள்ளே தேங்கியிருக்கும் நச்சு வாயுவில் உயிர் தப்புவது கடினம். இன்னொன்று, பழைய கிணற்றைத் தூர்த்த இடம். எவ்வளவு நிரப்பினாலும் திரும்பத் திரும்ப வட்டமாக இறங்கினால், முன்பு அங்கே கிணறு இருந்ததா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்தது என்றால், காரை அங்கே நிறுத்தாமல், பொறியாளரை வரவழைத்துக் காட்டுங்கள்.

5. கடப்பாரையைக் கையில் எடுக்கும்முன், மின்சார எர்த் கம்பி எங்கே புதைந்திருக்கிறது, கேட் விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தெருவிலிருந்து பூமிக்கு அடியில் கேபிள் வரும் வீடுகளில் மெயினை அணைத்தாலும் அந்தக் கேபிளில் மின்சாரம் இருக்கும். அந்தப் பாதையில் கடப்பாரையை இறக்காதீர்கள்.

6. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. அதற்கு முன்னால், ஆடி ஆவணிக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். கரிசல் மண் பகுதியில் கடுங்கோடையையும் தவிருங்கள். வெடித்துச் சுருங்கிய மண்ணின்மேல் மட்டம் பார்த்துப் பதித்தால், மழையில் ஊதி எல்லாவற்றையும் தூக்கிவிடும்.

7. தேவையான சாமான்கள்: கடப்பாரை, மண்வெட்டி, கரணை, ரப்பர் சுத்தியல், ரசமட்டம், நூல், மட்டக்கோல், திமிசுக்கட்டை, தட்டையான ஸ்குரூடிரைவர் இரண்டு, பழைய ஆக்சா பிளேடு, துடைப்பம், சல்லடை. திமிசுக்கட்டை எட்டுப் பத்துக் கிலோ எடை இருந்தால் போதும். இடம் பெரிது என்றால், கட்டுமானச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் பிளேட் காம்பேக்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மணல் எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு: பத்து சதுர அடிக்கு ஒரு காலி சிமென்ட் சாக்கு நிறைய. ஓர் அங்குலப் படுகைக்கும் இடுக்கு நிரப்பவும் சேதாரத்துக்கும் அது சரியாக இருக்கும்.

8. எந்த மணல் என்பதில் சமரசம் வேண்டாம். படுகைக்குக் கழுவிய எம்-சாண்ட் நல்லது. துகள்கள் கோணல் மாணலாக இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கிரஷர் தூளை அப்படியே கொட்டுவது பரவலான வழக்கம். விலை குறைவு என்பதைத் தவிர அதில் நன்மை இல்லை. அதில் உள்ள மாவு போன்ற நுண்தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சக்கரம் ஏறும்போது சேறாகி இடுக்கு வழியே வெளியே வந்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். மணல் அடியில் தங்கிய பிறகும் தண்ணீர் வெகுநேரம் கலங்கலாகவே நின்றால் அந்தச் சரக்கு வேண்டாம். கடல் மணலையும் தொடாதீர்கள். அதன் உப்பு கல்லில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

9. முதல் கல்லை எடுப்பதுதான் சிரமம். அது வந்துவிட்டால் மற்றவை கையோடு வந்துவிடும். பள்ளத்தின் நடுவில், ஏற்கெனவே ஆட்டம் கொடுக்கும் கல்லைத் தேர்ந்தெடுங்கள். அதன் நான்கு பக்க இடுக்கிலும் உள்ள மணலை ஆக்சா பிளேடால் அடிவரை சுரண்டி எடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஸ்குரூடிரைவரைச் செருகி, ஒரு பக்கம் சற்று நெம்பி, பிறகு மறுபக்கம் நெம்பி, மாறி மாறி மேலே கொண்டுவாருங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கல் சாய்ந்து இறுகிக்கொள்ளும், பக்கத்துக் கல்லின் விளிம்பும் பெயர்ந்துவிடும். ஜிக்ஜாக் கற்கள் ஒன்றையொன்று பல்லால் கவ்வியிருப்பதால் இன்னும் பொறுமை வேண்டும். எப்படியும் வராவிட்டால் ஒரு கல்லை உளியால் உடைத்து எடுத்துவிடுங்கள்.

10. கைக்குத் தடித்த கையுறையும் காலுக்கு மூடிய செருப்பும் இல்லாமல் கல்லைத் தூக்காதீர்கள். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள கல்லின் அடிப்பகுதி தேளுக்கும் பூரானுக்கும் பிடித்த இடம். பொந்து தெரிந்தால் கையை விடாமல், குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

11. பள்ளத்தோடு நிறுத்தாமல், அதைச் சுற்றி இன்னும் ஓர் அடி வரை நல்ல கற்களையும் எடுங்கள். பள்ளத்தின் ஓரத்துக் கற்கள் பார்வைக்கு மட்டமாக இருந்தாலும் அடியில் பாதி மணல் போயிருக்கும். எடுத்த கற்களுக்குச் சாக்பீஸால் வரிசை எண் போட்டு, அதே வரிசையில் ஓரமாக அடுக்குங்கள். இரண்டு வண்ணத்தில் கோலம் போலப் பதித்த வாசல் என்றால் எண் இல்லாமல் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு. பக்கவாட்டில் ஒட்டியுள்ள மணலையும் பழைய சிமென்டையும் சுரண்டிவிடுங்கள். அது மிச்சமிருந்தால் கடைசிக் கல் உள்ளே இறங்காது.

12. இனிதான் முக்கியமான வேலை. பழைய மணலை முழுவதும் வாரி எடுத்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கெட்டியான ஜல்லிப் படுகை தெரிந்து, கடப்பாரையின் முனை எளிதில் இறங்காமல் இருந்தால், அதைத் தொட வேண்டாம். பொதபொதவென்று மண் வந்தால், கெட்டித் தரை வரும்வரை தோண்டுங்கள். கார் நிற்கும் இடத்தில் நான்கு முதல் ஆறு அங்குலத்துக்கு ஜல்லியும் கிராவலும் கலந்து நிரப்ப வேண்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டித் திமிசு போட்டால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். மூன்று அங்குலம் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் குத்தி, அடிக்கும் ஓசை மந்தமாக இல்லாமல் கணீரென்று மாறியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். இந்த இடத்தில் செலவழிக்கும் ஒரு மணி நேரம் பல வருடத் தொல்லையைத் தவிர்க்கும். உடைந்த செங்கல், பூச்சுக் கழிவு, பிளாஸ்டிக் பை கலந்த கட்டடக் குப்பையைக் கொண்டு நிரப்பாதீர்கள். பெரும்பாலான வாசல்கள் இறங்குவதற்கே, வீடு கட்டியபோது மிஞ்சிய குப்பையை அடியில் போட்டு மூடியதுதான் காரணம்.

13. வெறும் முக்கால் ஜல்லி மட்டும் அடியில் இருந்தால், மேலே போடும் மணல் அதன் சந்துகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போய்விடும். ஜல்லியின்மேல் சிப்ஸும் கிரஷர் தூளும் தூவித் திமிசு போட்டுச் சந்துகளை அடையுங்கள். தூளுக்கு ஏற்ற இடம் இதுதான். அல்லது ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். பிளாஸ்டிக் தாள் விரிப்பது தவறு. தண்ணீர் கீழே போக வழியில்லாமல் மணலிலேயே தங்கிவிடும்.

14. மணல் படுகையைக் கண்ணளவில் பரப்பாதீர்கள். வீட்டில் ஒயரிங்குக்குப் பயன்படும் 25 மி.மீ. பி.வி.சி. குழாய் இரண்டு இருந்தால் அச்சுப் பிசகாமல் செய்துவிடலாம். பள்ளத்தின் இருபுறமும் உள்ள நல்ல கற்களின் மேல்மட்டத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். கல்லின் கனம் 60 மி.மீ. என்றால், நூலிலிருந்து அடிப்படுகை சரியாக 80 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அதன்மேல் இரண்டு குழாய்களையும் இணையாகக் கிடத்தி, இடையே மணலைக் கொட்டி, மட்டக்கோலைக் குழாய்களின் மேல் வைத்து உங்கள் பக்கம் இழுத்தால், எங்கும் ஒரே சீராக 25 மி.மீ. மணல் கிடைக்கும். குழாய்களை மெல்ல எடுத்துவிட்டு, அவை கிடந்த தடத்தில் மணல் தூவி நிரப்புங்கள். இப்போது கல்லை வைத்தால் அக்கம்பக்கத்துக் கற்களைவிட 5 மி.மீ. தூக்கலாக நிற்கும். அது தப்பல்ல, அப்படித்தான் நிற்க வேண்டும். திமிசு போடும்போது மணல் இறுகி அந்த 5 மி.மீ. இறங்கி மட்டமாகிவிடும். ஆரம்பத்திலேயே மட்டமாக வைத்தவர்களுக்குத்தான் மறுவாரமே பள்ளம் தெரிகிறது.

15. மணலின் ஈரம் கொழுக்கட்டை பிடிக்கிற பதத்தில் இருக்கட்டும். கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பரப்பி இழுத்த மணலின்மேல் மிதிக்காதீர்கள்; ஒரு கால் தடம் பட்டாலும் அந்த இடத்தை மறுபடி இழுத்தே ஆக வேண்டும்.

16. வாட்டம் மறக்க வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து தெருவையோ வடிகாலையோ நோக்கி, பத்து அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தானே ஓடிவிடும். முதலில் பதித்தவர்களே வாட்டத்தைத் தவறவிட்டிருந்தால், பள்ளத்தை மட்டும் சரிசெய்து பயனில்லை. அந்தப் பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

17. கல்லைப் பதிக்கும்போது மணலில் தேய்த்து நகர்த்தாதீர்கள். பக்கத்துக் கல்லை உரசினாற்போல் நேராகக் கீழே இறக்குங்கள். ஏற்கெனவே பதித்த கற்களின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு முன்னால் நகருங்கள். இடுக்கு 2 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். எல்லாம் வைத்து முடித்ததும், கற்களின்மேல் பலகையை வைத்து அதன்மேல் திமிசு போடுங்கள். பலகை இல்லாமல் அடித்தால் விளிம்பு பெயரும்.

18. இடுக்குகளை நிரப்ப நன்றாக வெயிலில் உலர்த்திச் சலித்த மெல்லிய மணல் வேண்டும். ஈர மணல் மேலேயே அடைத்துக்கொண்டு உள்ளே வெற்றிடம் விட்டுவிடும். குறுக்கும் நெடுக்குமாகத் துடைப்பத்தால் தள்ளி, ஒருமுறை திமிசு போட்டு, மறுபடி மணல் தள்ளுங்கள். இடுக்கு நிறையும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கார் ஏறும்போது ஒரு கல்லின் பாரத்தைச் சுற்றியுள்ள கற்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது இந்த இடுக்கு மணல்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகப் பாரம் சுமந்து தனித்தனியாக இறங்கும்.

19. இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். சிமென்ட் விறைத்து நிற்கும், அடி மணல் லேசாக அசையும். இரண்டுக்கும் ஒத்துவராமல் விரிசல் விடும். அந்த விரிசலில் இறங்கிய தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கும். அடுத்த முறை ஒரு கல்லைக்கூட உடைக்காமல் எடுக்க முடியாது. புல் முளைக்கிறது, எறும்பு மணலைத் தள்ளுகிறது என்பதற்காகவே பலர் இப்படிச் செய்கிறார்கள். புல்லை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். எறும்பு வெளியே தள்ளிய அளவுக்குப் புது மணலை நிரப்பினால் போதும்.

20. சிமென்ட் தேவைப்படும் இடம் ஓரம். பேவர் பரப்பின் கடைசி வரிசைக்கு அணைப்பு இல்லாவிட்டால் கற்கள் வெளிப்பக்கம் நகர்ந்து, இடுக்கு அகன்று, மணல் ஓடிவிடும். ஓரத்தை ஒட்டி ஆறு அங்குல ஆழம் தோண்டி, ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு விகிதத்தில் கான்கிரீட் போட்டு அணையுங்கள், அல்லது கர்ப் கல் பதியுங்கள். ஒரு வாரம் தண்ணீர் விட்டுப் பதப்படுத்துங்கள்.

21. உடைந்த கல்லுக்குப் பதில் புதுக் கல் வாங்கப் போகும்போது பழைய கல் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். கனம் 5 மி.மீ. மாறினாலும் மட்டம் வராது. 2006-ல் வந்த ஐ.எஸ். 15658 தரக்குறிப்பு, ஆள் நடமாட்டம் மட்டும் உள்ள இடத்துக்கு 50 மி.மீ., இலகு வாகனங்களுக்கு 60 மி.மீ., நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. என்று கனத்தை வகைப்படுத்தியது. தண்ணீர் லாரி உள்ளே வந்து போகும் வாசலில் 60 மி.மீ. கல் போட்டிருந்தால், இறங்குவதற்குக் கல்லின் கனமும் ஒரு காரணம். புதுக் கல்லின் நிறம் பளிச்சென்று தனியாகத் தெரியும். அதை மூலையிலோ பூந்தொட்டிக்கு அடியிலோ பதித்துவிட்டு, அங்கிருந்த பழைய கல்லை நடுவில் போடுங்கள்.

22. கடப்பா கல், கருங்கல் பலகை பதித்த நடைபாதைக்கு முறை வேறு. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலக் கனமுள்ள கருங்கல் பலகை ஏறத்தாழ 50 கிலோ இருக்கும், ஒருவராகத் தூக்காதீர்கள். கடப்பாரையால் ஒரு விளிம்பை நெம்பி, அடியில் இரும்புக் குழாய்த் துண்டுகளைச் செருகி, உருட்டி நகர்த்துங்கள். ஆடும் பலகைக்கு அடியில் ஓட்டாஞ்சில்லைச் செருகி நிறுத்துவது வழக்கமாக இருக்கிறது. அந்த ஒரு புள்ளியில் பாரம் தாங்கிப் பலகை நடுவே பிளந்துவிடும். பழைய கலவையைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு ஆறு கலவையைப் பலகையின் முழு அகலத்துக்கும் பரப்புங்கள். பலகையின் அடிப்புறத்தை நனைத்து, சிமென்ட் பால் பூசி வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். எங்காவது டொக்கென்று பொள்ளலாகக் கேட்டால், தூக்கிக் கலவை சேர்த்து மறுபடி வையுங்கள். மூன்று நாளைக்கு யாரும் மிதிக்க வேண்டாம். சிமென்டைக் கையுறை இல்லாமல் குழைத்தால் கை புண்ணாகும்.

23. கல் இறங்காமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் பக்கத்தில் மரம் இருக்கும். விரல் கனத்து வேர் என்றால் வெட்டலாம். கைக் கனத்து வேர்களை, அதிலும் அடிமரத்தை ஒட்டியவற்றை வெட்டினால், புயல் காற்றில் மரம் வீட்டின்மேல் சாயும். இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு, மரத்தைச் சுற்றி மண்ணை அகலமாக விட்டுக்கொடுங்கள். மரத்துக்காகக் கல்லை இழப்பதுதான் நியாயம் என்பேன்.

24. வேலை முடிந்து முதல் மழை பெய்ததும் இடுக்கு மணல் சற்று உள்ளே இறங்கும், மறுபடி நிரப்புங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் பார்த்தால் போதும். மாடிக் குழாயிலிருந்து விழும் தண்ணீரை வடிகாலுக்கோ மழைநீர்க் குழிக்கோ குழாய் வைத்து நேராகக் கொண்டுபோங்கள். பிரஷர் வாஷரால் கழுவும்போது இடுக்குக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள்.

25. புதிதாகப் பேவர் பதிக்கப் போகிறீர்கள் என்றால் ஒப்பந்ததாரரிடம் இரண்டு விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். அடிப்படுகைக்குத் திமிசு போட்ட பிறகு உங்களை அழைத்துக் காட்டாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மிஞ்சும் கற்களில் ஓர் இருபதை உங்களிடமே விட்டுச் செல்ல வேண்டும். சில வருடங்கள் கழித்து அதே அச்சில், அதே கனத்தில் கல் கடையில் கிடைப்பது கடினம்.